ஏப்ரல் இலைக் கணக்கில் தேதிகள் ஏன் இடமும் வலமுமாக நிற்கின்றன?

கோத்தகிரிப் பக்கம் ஒரு பசுந்தேயிலை கொள்முதல் நிலையத்தில் கணக்கு எழுதும் தம்பி கேட்டிருக்கிறார். 2025 ஏப்ரல் மாத இலை எடையை எக்செல்லில் ஏற்றியிருக்கிறார். நிலையத்துக்கு ஞாயிறு விடுமுறை. தேதியை நாள், மாதம், ஆண்டு என்று சாய்கோடு போட்டுத்தான் அடித்திருக்கிறார். ஆனால் சில தேதிகள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கின்றன, சில இடப்பக்கம் நிற்கின்றன. ஃபார்மட்டை மாற்றினால் பாதி மாறுகிறது, பாதி அசைய மறுக்கிறது. வரிசைப்படுத்தினால் எல்லாம் கலைந்துபோகிறது. "தேதி வரிசையை ஒரே சீராக, அழகாக வைப்பது எப்படி அண்ணா?" என்பது கேள்வி.

தம்பி, அழகு படுத்துவதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் தாளில் பாதித் தேதிகள் தேதியே அல்ல, மீதியில் பெரும்பாலானவை தவறான தேதிகள். அதைச் சரிசெய்யாமல் ஃபார்மட் போட்டால் தப்பான கணக்குதான் அழகாகத் தெரியும். நான் குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களில் பல ஆண்டு இலைக் கணக்கு பார்த்தவன். இந்த ஒரு விஷயத்தில் விவசாயியின் பணம் தவறிப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எக்செல் தேதியை எப்படி வைத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காலிக் கட்டத்தில் 45000 என்று அடித்து, அதன் ஃபார்மட்டைத் தேதி என்று மாற்றிப் பாருங்கள். 2023 மார்ச் 15 என்று காட்டும். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து அங்கிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டே வருகிறது எக்செல். 2025 ஏப்ரல் 1 அதற்கு வெறும் 45748. மணி நேரம் அந்த எண்ணின் பின்னம்: நண்பகல் 12 மணி என்றால் அரை, மாலை நாலரை என்றால் 0.6875. நம் கண்ணுக்குத் தெரியும் கோடு, புள்ளி, மாதப் பெயர் எல்லாம் அந்த எண்ணுக்கு மேலே போட்ட சட்டைதான். ஃபார்மட் மாற்றுவது சட்டையை மாற்றுவது. உள்ளே எண் இருந்தால்தான் சட்டை பொருந்தும். உள்ளே வெறும் எழுத்து இருந்தால் நீங்கள் எத்தனை ஃபார்மட் போட்டாலும் அது அசையாது. உங்கள் தாளில் பாதி அசைய மறுப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, பாதி எழுத்தாகவும் பாதி எண்ணாகவும் எப்படிப் போனது? உங்கள் கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஊரில் மாதம் முதலில், நாள் அப்புறம். நீங்கள் 12/04/2025 என்று ஏப்ரல் 12-ஐ அடித்தீர்கள். கணினி அதைப் பன்னிரண்டாம் மாதம் நான்காம் தேதி, அதாவது டிசம்பர் 4 என்று எடுத்துக்கொண்டது. 13/04/2025 என்று அடித்தால் அதற்குப் பதின்மூன்றாம் மாதம் கிடையாதே, அதனால் "இது தேதி இல்லை" என்று வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. எண்ணும் தேதியும் தாமாக வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். அவ்வளவுதான் இடம் வலம் ரகசியம்.

உங்கள் ஏப்ரலையே எடுத்து எண்ணிப் பார்ப்போம். மாதத்தில் ஞாயிறு 6, 13, 20, 27. மீதி 26 நாள் இலை வாங்கியிருப்பீர்கள். 14-இலிருந்து 30 வரை உள்ள 15 நாள் எழுத்தாக இடப்பக்கம் நிற்கும். 1-இலிருந்து 12 வரை உள்ள 11 நாள் வலப்பக்கம், உண்மையான தேதிகளாக. ஆனால் அந்தப் பதினொன்றில் சரியானது ஏப்ரல் 4 ஒன்று மட்டும்தான், நாளும் மாதமும் ஒரே எண் என்பதால் தப்பித்தது. மீதி பத்தும் தலைகீழ். ஏப்ரல் 1 ஜனவரி 4 ஆகியிருக்கும், 2 பிப்ரவரி 4 ஆகியிருக்கும், 3 மார்ச் 4. கணினியைக் கேட்டால் ஆண்டு முழுக்க மாதாமாதம் 4-ஆம் தேதி மட்டும் இலை வந்தது, ஜூனில் மட்டும் வரவில்லை என்று சொல்லும்.

இதில் பெரிய பொறி என்னவென்றால், இது கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்க அமைப்பில் டிசம்பர் 4-ஐ 12/4/2025 என்றுதான் காட்டும். நீங்கள் அடித்ததும் அதேதானே! அடித்தது அப்படியே நிற்கிறது என்று நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடுவோம். இடப்பக்கம் நிற்பவைதான் கெட்டுப்போனவை, வலப்பக்கம் நிற்பவை நல்லவை என்று நினைப்பீர்கள். உண்மையில் இடப்பக்கத்தவை வெறும் எழுத்தாக இருந்தாலும் நீங்கள் அடித்த தகவலைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. வலப்பக்கத்தவைதான் ஆபத்தானவை.

நான் சொல்வதைச் சோதித்துப் பார்க்க மூன்று வழி இருக்கிறது. நெடுவரிசைக்கு யாராவது நடுவில் நிற்கும்படி ஒழுங்கு போட்டிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள், இடம் வலம் தெரியட்டும். அடுத்து ஃபில்டர் போட்டு அந்தக் கீழ்நோக்கிய அம்பைத் திறங்கள். உண்மையான தேதிகளை எக்செல் ஆண்டு, அதற்குள் மாதம் என்று கூட்டல் குறியுடன் மடித்து வைத்திருக்கும். எழுத்துத் தேதிகள் அடியில் தனித்தனியாக வரிசை கட்டி நிற்கும். மூன்றாவது எனக்குப் பிடித்தது: பக்கத்துக் கட்டத்தில் அதே தேதியை இன்னொரு முறை எடுத்து வைத்து, அதற்குக் கிழமை மட்டும் காட்டும் ஃபார்மட் போடுங்கள், அதாவது கஸ்டம் பெட்டியில் மூன்று முறை டி. ஏப்ரல் 5 சனிக்கிழமை. உங்கள் தாளில் அது மே 4 ஆகிவிட்டதால் ஞாயிறு என்று காட்டும். ஞாயிறு நிலையமே திறக்காதபோது இலை எப்படி வந்தது? இதைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்காது.

இப்போது சரிசெய்வோம். கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள், வேலை நகலில். இடது ஓரத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். கடைசியில் பழைய வரிசைக்குத் திரும்ப அது வேண்டும். பிறகு தேதி நெடுவரிசையை வைத்துச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். எண்கள் மேலே போய்விடும், எழுத்துகள் எல்லாம் கீழே ஒன்றாகச் சேர்ந்துவிடும். மேல் கூட்டத்துக்கு மஞ்சள், கீழ்க் கூட்டத்துக்குப் பச்சை என்று கட்டத்தின் நிறத்தை மாற்றி வையுங்கள். இந்த நிறம் மிக முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கீழே உள்ள பச்சைக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போங்கள். பெயரைப் பார்த்து இது வேறு வேலைக்கானது என்று நினைக்க வேண்டாம். இரண்டு முறை நெக்ஸ்ட் அழுத்தினால் மூன்றாவது திரையில் டேட் என்று ஒரு தேர்வு இருக்கும், பக்கத்தில் டிஎம்ஒய் என்பதைத் தேர்ந்தெடுத்து ஃபினிஷ் அழுத்துங்கள். "இந்த எழுத்தில் முதலில் இருப்பது நாள், அடுத்து மாதம், அப்புறம் ஆண்டு" என்று கணினிக்கு நாம் சொல்லிக்கொடுக்கிறோம். அத்தனையும் ஒரே நொடியில் வலப்பக்கம் தாவிவிடும். அமெரிக்க அமைப்பு இன்னும் இருப்பதால் 4/14/2025 என்று மாதம் முன்னால் தெரியும், பயப்பட வேண்டாம், உள்ளே எண் சரியாகத்தான் இருக்கிறது.

சில எழுத்துகள் மட்டும் அப்போதும் அசையாமல் இருந்தால் வாட்ஸப்பிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ ஒட்டியவையாக இருக்கும். தேதிக்கு முன்னாலோ பின்னாலோ கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். சாதாரண இடைவெளியை ட்ரிம் ஃபார்முலா எடுத்துவிடும். இணையத்திலிருந்து வரும் இன்னொரு வகை இடைவெளியை ட்ரிம் தொடாது, அதற்கு எழுத்து எண் 160. சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவில் கேர்(160)-ஐத் தேடி வெறுமையாக மாற்றினால் போய்விடும். அதன் பிறகு மறுபடி டெக்ஸ்ட் டு காலம்ஸ்.

மேலே உள்ள மஞ்சள் கூட்டத்துக்கு வேறு வைத்தியம். வரிசை எண் ஏ நெடுவரிசையில், தேதி பி நெடுவரிசையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் காலிக் கட்டத்தில் =டேட்(இயர்(பி2),டே(பி2),மன்த்(பி2)) என்று போடுங்கள். பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், உச்சரிப்பு இதுதான். டேட் ஃபார்முலா வழக்கமாக ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கேட்கும். நாம் வேண்டுமென்றே மாதம் இருக்க வேண்டிய இடத்தில் நாளையும், நாள் இருக்க வேண்டிய இடத்தில் மாதத்தையும் கொடுக்கிறோம். தலைகீழானதை மறுபடி தலைகீழாக்கினால் நேராகிவிடும். மஞ்சள் கட்டங்கள் முடியும் வரை மட்டும் இழுத்து நிரப்புங்கள், பச்சைக்குள் போகாதீர்கள். வந்த விடையைக் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்று மஞ்சள் கட்டங்கள் மேலேயே ஒட்டுங்கள். பின் அந்த உதவி நெடுவரிசையை அழித்துவிடலாம்.

நிறம் ஏன் முக்கியம் என்றேனே: இரண்டு கூட்டமும் தேதியாக மாறிய பிறகு எது திருப்பப்பட்டது, எது திருப்பப்படாதது என்று பார்த்துச் சொல்லவே முடியாது. இதே ஃபார்முலாவை இரண்டாம் முறை போட்டால் சரியானது மறுபடி கெட்டுவிடும். இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. உங்கள் தாளில் சில நாள் வேறு ஒருவர் வேறு கணினியில் அடித்திருந்தால், அந்த வரிகள் ஏற்கெனவே சரியாக இருக்கலாம். மஞ்சளில் மூன்று நான்கு வரிகளை எடைச் சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் மொத்தமாகத் திருப்பாதீர்கள். சீட்டில் இருப்பதுதான் உண்மை, தாளில் இருப்பது அதன் நகல்.

இனி இது நடக்காமல் இருக்க விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் ரீஜன் என்ற இடத்துக்குப் போய் ஃபார்மட்டை இங்கிலீஷ், இந்தியா என்று மாற்றுங்கள். எக்செல்லை மூடித் திறங்கள். அதன் பிறகு 12/04 என்று அடித்தால் ஏப்ரல் 12 என்றே புரிந்துகொள்ளும். கூகுள் ஷீட்ஸில் இந்த அமைப்பு கணினியைப் பொறுத்தது இல்லை, கோப்பைப் பொறுத்தது. ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் திறந்தால் லோகேல் என்று இருக்கும், அதை இந்தியா ஆக்குங்கள். நேர மண்டலமும் அங்கேயேதான், அதையும் பார்த்துவிடுங்கள். ஊருக்கு ஓர் ஏஜென்ட் கைபேசியிலிருந்தே எடையை ஏற்றும் இடங்களில் இந்த ஒரு அமைப்பு எல்லோருக்கும் பொருந்தும், கோப்பைத் தொடங்கும்போதே செய்துவிட்டால் நல்லது. ஏற்கெனவே எழுத்தாகப் போனவை லோகேலை மாற்றியதால் மட்டும் தேதியாகிவிடாது, அவற்றை டேட்வேல்யூ ஃபார்முலாவால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்ட அழகுக்கு வருவோம். நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் 1-ம் சேர்த்து அழுத்துங்கள், ஃபார்மட் செல்ஸ் பெட்டி திறக்கும். அதில் டேட் பகுதியில் மாதிரிகள் வரிசையாக இருக்கும். முன்னால் நட்சத்திரக் குறி போட்ட மாதிரிகள் விண்டோஸ் அமைப்பைப் பின்பற்றுபவை. உங்கள் கணினியில் ஒரு மாதிரியும், கோப்பை அனுப்பினால் அங்குள்ள கணினியில் வேறு மாதிரியும் தெரியும். நட்சத்திரம் இல்லாதவை எங்கே போனாலும் அப்படியே இருக்கும். இலைக் கணக்கு நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கும், அங்கிருந்து ஆடிட்டருக்கும் போகிற ஒன்று. அதனால் நட்சத்திரம் இல்லாததையே எடுங்கள், அல்லது கஸ்டம் பகுதியில் நீங்களே எழுதுங்கள்.

கஸ்டமில் என் பரிந்துரை: இரண்டு டி, ஒரு கோடு, மூன்று எம், ஒரு கோடு, நான்கு ஒய். 05-ஏப்-2025 என்ற பாணியில், மாதத்தின் பெயர் ஆங்கிலச் சுருக்கமாக வரும். மாதத்தை எழுத்தில் போட்டால் நாள் எது மாதம் எது என்ற குழப்பத்துக்கே வழியில்லை. அமெரிக்கக் கணினியில் திறந்தாலும் படிப்பவர் தடுமாற மாட்டார். ஒரு டி போட்டால் 5 என்றும், இரண்டு டி போட்டால் 05 என்றும் வரும். இரண்டாகப் போடுவதால் எல்லா வரியும் ஒரே நீளமாகி, நெடுவரிசை நூல் பிடித்த மாதிரி நிற்கும். நீங்கள் கேட்ட "ஒரே சீர்" பெரும்பாலும் இந்த ஒரு பூஜ்யத்தில்தான் இருக்கிறது. கூடவே கிழமையும் வேண்டும் என்றால் முன்னால் மூன்று டி, ஓர் இடைவெளி சேர்த்துக்கொள்ளுங்கள். கிழமை தெரிந்தால் தப்பு சீக்கிரம் மாட்டும் என்பதை மேலே பார்த்தோம்.

கிழமை, மாதப் பெயர் தமிழில் வேண்டும் என்றாலும் முடியும். டேட் பகுதியின் அடியில் லோகேல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் தமிழ் இருக்கிறது. கஸ்டமிலேயே எழுத வேண்டும் என்றால் சதுர அடைப்புக்குள் டாலர் குறி, கோடு, 449 என்று போட்டு, அடைப்பை மூடி, அதன் பின் நான்கு டி எழுதுங்கள். 449 என்பது இந்தியத் தமிழுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் எண். ஊர்க் கூட்டத்தில் அச்சடித்து ஒட்டும் பட்டியலுக்கு நான் இதைத்தான் போடுவேன், பெரியவர்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தாங்களே படித்துப் பார்ப்பார்கள்.

கட்டம் முழுக்க ஹேஷ் (#) குறியாக, வேலி கட்டின மாதிரி வந்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நெடுவரிசை அகலம் போதவில்லை என்று அர்த்தம். தலைப்பின் ஓரக் கோட்டில் இரட்டைச் சொடுக்கு போதும். அகலப்படுத்தியும் போகாவிட்டால் உள்ளே கழித்தல் எண் இருக்கிறது, ஏதோ ஃபார்முலா தப்பு.

டெக்ஸ்ட் என்ற ஃபார்முலாவால் தேதியை அழகாக்கச் சொல்லி யாராவது கற்றுக்கொடுத்தால் தேதி நெடுவரிசையில் அதைச் செய்யாதீர்கள். அது தேதியை மறுபடி எழுத்தாக்கிவிடும், நாம் இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண். ரசீதில் ஒரு வாக்கியத்துக்கு நடுவே தேதி வர வேண்டும் என்றால் மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்து புள்ளி. நம் ஊரில் கையால் எழுதும்போது எல்லோரும் 12.4.25 என்றுதான் எழுதுகிறோம், அரசு அலுவலகக் கடிதத்திலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் தாளிலும் புள்ளி வைத்து அடித்தால் எக்செல் அதைத் தேதியாக எடுக்காது, எழுத்தாக வைத்துக்கொள்ளும். அதையாவது பிறகு மாற்றலாம். ஆண்டை விட்டுவிட்டு 12.4 என்று மட்டும் அடிப்பவர்களும் உண்டு. அது தசம எண்ணாகிவிடும், பன்னிரண்டு புள்ளி நான்கு. இதில் ஒரு மாதம் மட்டும் முழுசாகக் காணாமல் போகும். எது தெரியுமா? அக்டோபர். 12.10 என்று அடித்தால் கணினிக்கு அது 12.1. கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பு இல்லை என்று வெட்டிவிடும். அக்டோபர் 12 ஜனவரி 12 ஆகிவிடும்.

இது நான் பார்த்த வேலையிலேயே நடந்தது. அந்த அலுவலகத்தில் இரண்டு பேர் மாறி மாறி ஏற்றினார்கள். ஒருவர் ஆண்டோடு அடிப்பார், இன்னொருவர் ஆண்டில்லாமல் அடிப்பார். மாதக் கடைசியில் நான் புள்ளியை எல்லாம் கோடாக மாற்றி, தேதியாக்கி, மாதவாரியாகக் கூட்டினேன். எல்லாம் தேதியாகிவிட்டது, வலப்பக்கம் வரிசையாக நின்றது, பார்க்க அழகாகவும் இருந்தது. பட்டுவாடா முடிந்த மூன்றாம் நாள் ஓர் அம்மா வந்தார். முக்கால் ஏக்கர்தான் அவருக்கு. ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்த எடைச் சீட்டுகளை அப்படியே மேசையில் வைத்தார். "தம்பி, ரெண்டு தடவை போட்ட இலைக்குக் காசு வரல, பாத்துச் சொல்லு" என்றார். கோபமே இல்லை. பனியில் நனைந்து காய்ந்து ஓரம் சுருண்ட சீட்டுகள், பேனா மை கொஞ்சம் பரவியிருந்தது, ஆனால் தேதியும் கிலோவும் தெளிவாக இருந்தன. அவர் பெயரை ஃபில்டரில் போட்டேன். அந்த இரண்டு தடவை இலையும் ஜனவரி என்று நின்றது.

அப்புறம்தான் ஜனவரியைத் தனியாகத் திறந்து பார்த்தேன். அந்த அம்மாவுடையது மட்டுமல்ல, இன்னும் பலருடைய இலை அங்கே கிடந்தது. ஜனவரி என்றால் நீலகிரியில் உறைபனிக் காலம். பள்ளத்துத் தோட்டங்களில் கொழுந்து கருகிப்போய்க் கிடக்கும், இலை வரத்து அடியோடு குறைந்துவிடும். என் தாளிலோ ஜனவரியில் இலை குவிந்திருந்தது. மலையில் பிறந்து வளர்ந்தவன் நான், அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்த முதல் நொடியிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து மாதக் கூட்டலை எடுத்ததும் அந்த மாதத்துக்கு இவ்வளவு இலை வந்திருக்க முடியுமா என்று பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. புள்ளியை அன்றோடு எங்கள் தாள்களிலிருந்து எடுத்துவிட்டோம். கையால் எழுதும்போது புள்ளி, கணினியில் கோடு, அவ்வளவுதான்.

இலைக் கணக்கில் மாதம் தவறினால் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். மாதம் முடிந்ததும் தேயிலை வாரியம் அந்த மாதத்துக்கான பசுந்தேயிலை விலையை அறிவிக்கிறது. ஏப்ரல் 30 அன்று போட்ட இலைக்கு ஒரு விலை, மே 2 அன்று போட்ட இலைக்கு வேறு விலை. தேதி ஒரு மாதம் நகர்ந்தால் விலையும் நகர்ந்துவிடும். அதனால் மாதக் கூட்டலை சம்இஃப்ஸ் ஃபார்முலாவில் எடுக்கும்போது நிபந்தனையை இப்படி வையுங்கள்: ஏப்ரல் 1-க்குச் சமம் அல்லது அதிகம், மே 1-க்குக் குறைவு. "ஏப்ரல் 30 வரை" என்று போடாதீர்கள். கைபேசிப் படிவம் வழியாக வரும் பதிவுகளில் தேதியோடு நேரமும் ஒட்டியிருக்கும். 30-ஆம் தேதி மாலை நாலரைக்குப் பதிவான இலை உள்ளே 45777.6875 என்று இருக்கும், நீங்கள் சொன்ன ஏப்ரல் 30 வெறும் 45777. அந்த மாலை இலை கணக்கில் சேராமல் போய்விடும். கண்ணில் நேரம் தெரியாதபடி ஃபார்மட் போட்டிருந்தால் ஏன் குறைகிறது என்று நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

தேதி அல்லாதது தேதியாகிவிடும் தொல்லையும் இருக்கிறது. விவசாயிகள் பட்டியலில் சர்வே எண் எழுதுவீர்கள் அல்லவா? 12/3 என்று உட்பிரிவோடு அடித்தால் எக்செல் அதை மார்ச் 12 ஆக்கிவிடும். பிறகு ஃபார்மட்டை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் 12/3 திரும்ப வராது, ஐந்து இலக்க எண்தான் வரும். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று ஃபார்மட் செய்துவிடுங்கள். இதில் நாம் மட்டும் மாட்டவில்லை. மார்ச்1, செப்ட்1 என்று பெயர் வைத்திருந்த மனித மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே விஞ்ஞானிகள் மாற்றிவிட்டார்கள்.

ஆண்டை நான்கு இலக்கத்தில் அடியுங்கள். கொள்முதல் தேதிக்கு 25 என்று அடித்தாலும் பாதகமில்லை, ஆனால் செடி நட்ட ஆண்டு எழுதும் பட்டியலில் 32 என்று அடித்தால் அது 1932-ஆ 2032-ஆ என்று கணினிதான் முடிவு செய்யும். 1900-க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாகவே ஏற்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கியது 1899 ஜூனில். அந்தத் தேதியை எக்செல்லில் அடித்தால் இடப்பக்கம் எழுத்தாகத்தான் நிற்கும். கூகுள் ஷீட்ஸ் அதைக் கழித்தல் எண்ணாக ஏற்றுக்கொள்ளும். 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத ஒரு நாளையும் எக்செல் எண்ணிக்கையில் வைத்திருக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த தவறு, அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நம் கணக்குக்கு அதனால் பாதிப்பு இல்லை.

தொழிற்சாலைக்கு சிஎஸ்வி கோப்பாக அனுப்பும் பழக்கம் இருந்தால் ஒரு விஷயம். அந்தக் கோப்பில் உள்ளே இருக்கும் எண் போகாது, கண்ணுக்குத் தெரியும் எழுத்துதான் போகும். அதனால் அனுப்புவதற்கு முன் ஃபார்மட்டை ஆண்டு, மாதம், நாள் என்று மாற்றுங்கள், 2025-04-05 போல. 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் இது, எந்த ஊர்க் கணினியும் தப்பாகப் படிக்காது. வெறும் எழுத்தாக இருந்தாலும் வரிசை மாறாது என்பது கூடுதல் வசதி. கோப்புப் பெயரிலும் நான் இப்படித்தான் தேதி போடுவேன்.

தேதிகள் எல்லாம் உண்மையான தேதிகளாகிவிட்டால் தாள் உங்களுக்கு வேலை செய்யத் தொடங்கும். ஒரு தோட்டத்தின் இந்தப் பறிப்புத் தேதியிலிருந்து முந்தைய பறிப்புத் தேதியைக் கழித்தால் ரவுண்டு எத்தனை நாள் என்று வந்துவிடும். 12, 15 நாளில் வர வேண்டிய ரவுண்டு 22 நாளாக இழுத்தால் இலை முற்றிப்போயிருக்கும் என்று எடைக்கு வருவதற்கு முன்பே விவசாயியிடம் சொல்லலாம். கழித்த விடை தேதி மாதிரி வந்தால் அந்தக் கட்டத்தை ஜெனரல் என்று மாற்றுங்கள், நாள் எண்ணிக்கை தெரியும். கவாத்து செய்த தேதியோடு இடேட் ஃபார்முலாவில் 48 மாதம் கூட்டினால் அடுத்த கவாத்துக்கு யாரை எப்போது நினைவூட்ட வேண்டும் என்ற பட்டியலும் தயார்.

புதிய மே தாளைத் தொடங்கும்போது தேதி நெடுவரிசைக்கு டேட்டா வாலிடேஷன் போடுங்கள். அனுமதிப்பது டேட், மே 1-க்கும் மே 31-க்கும் இடையில். மாதம் தலைகீழானாலும், புள்ளி வைத்தாலும், ஆண்டு தவறினாலும் அந்த நிமிடமே கணினி ஏற்க மறுக்கும், இலை மூட்டையுடன் விவசாயி எதிரே நிற்கும்போதே திருத்திவிடலாம். ஒட்டும் பதிவுகளை மட்டும் இது தடுக்காது, அடிப்பதைத்தான் தடுக்கும். அன்றைய தேதிக்கு கன்ட்ரோலும் அரைப்புள்ளியும் சேர்த்து அழுத்தினால் போதும், அடிக்கவே வேண்டாம். டுடே ஃபார்முலாவை அந்த இடத்தில் போடாதீர்கள், நாளைக்குத் திறந்தால் தேதியும் நாளைக்கு மாறிவிடும்.

இன்று மாலை ஏப்ரல் தாளைச் சரிசெய்து முடித்ததும், வரிசை எண்ணை வைத்துப் பழைய வரிசைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு காலிக் கட்டத்தில் தேதி நெடுவரிசைக்கு மின் ஃபார்முலாவும் அடுத்ததில் மேக்ஸ் ஃபார்முலாவும் போட்டுப் பாருங்கள். முதலாவதில் ஏப்ரல் 1, இரண்டாவதில் ஏப்ரல் 30 வர வேண்டும். ஜனவரி 4-ஓ டிசம்பர் 4-ஓ வந்தால் மஞ்சளில் ஏதோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. பட்டுவாடா போடுவதற்கு முன் அந்த வரியின் சீட்டைத் தேடி எடுத்துவிடுங்கள்.